கண்டெடுத்த நூலும் கற்றறிந்த நூலும்

அரிய நூல்களைப் பற்றிப் பேசுங்கால் நம்மவர் பெரிதும் விரும்பி வழங்குஞ் சொல் ‘கண்டுபிடிப்பு’ என்பது. உரோமாபுரியில் ஒரு தமிழகராதி கண்டுபிடிக்கப்பட்டது என்றும், அமெரிக்காவில் முதலாவது தமிழ் அச்சுநூல் கண்டுபிடிக்கப்பட்டது என்றும் மேடைகளிற் கேட்கிறோம்; கைதட்டுகிறோம். கண்டுபிடித்த பின் அந்நூலில் யாது கண்டனர் என வினவுவார் மிக அரியர். பல்கலைக்கழகங்களும் பெருநூலகங்களும் காத்துவைத்திருக்கும் அரிய நூற் சேமிப்புக்களிலிருந்து தமிழாராய்ச்சி பெற்ற பயனை மதிப்பிடப் புகுவோர் இவ்வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். எழுப்பினால், நாம் பெருமையோடு சொல்லும் கண்டுபிடிப்புக்களுட் சில பாதிவழியில் நின்றுவிட்டமை புலனாகும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் அரிய நூல்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்குமென ஹௌட்டன் நூலகத்தைத் திறந்தது 1942 ஆம் ஆண்டில். இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே ஆண்டிலேயாம். அந்நூலகத்திலே பதினாறே பக்கங்கள் கொண்ட ஒரு தமிழ்நூல் இருக்கின்றது. 1578 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 20 ஆந் திகதி கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அது. இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பனவற்றுள் அதுவே காலத்தால் முந்தியது. இதனைத் ‘தமிழில் அச்சான முதல் நூல்’ என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. 1554 ஆம் ஆண்டிலேயே லிஸ்பன் நகரில், தமிழர் மூவர் துணைகொண்டு, தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் அமைத்த செப நூலொன்று அச்சாகியுள்ளது. தமிழ் மொழியில் முதலாவது எது, தமிழ் எழுத்தில் முதலாவது எது என்னும் இரு வினாக்களை ஒன்றாகக் குழைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று.

ஹார்வர்ட் பிரதியைப் பற்றி அறிஞருலகம் விரிவாக அறிந்தது 1952 ஆம் ஆண்டில். ஜோர்ஜ் சூர்ஹாமர் என்னும் சேசு சபை வரலாற்றாசிரியரும் கொட்றெல் என்பவரும் ஹார்வர்ட் நூலகத்தின் சஞ்சிகையில் அவ்வாண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இந்நூலின் எழுத்துக்களை வார்த்தவர் யாவர், எங்கே வார்த்தனர், ஒருமுறையா இருமுறையா என்பனவற்றையெல்லாம் ஆவணங்களோடு ஒப்புநோக்கி ஆராய்ந்தனர். கோவாவில் 1577 இல் யுவான் கொன்சால்வஸ் என்பார் ஆக்கிய எழுத்துக்கள் ஒருவகை. கொல்லத்தில் 1578 இல் யோவான் த பாரியா வார்ப்பித்தவை வேறொருவகை. நூலின் ஈற்றுப் பக்கத்திலேயே இருவகையும் அச்சிட்டுக் காட்டப்பட்டுள்ளன. பொருளைக் கையிலெடுத்து அதன் உடம்பையே சாட்சியாக்கி வழக்காடும் முறைக்கு இக்கட்டுரை நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் அதன் நோக்கம் அச்சுக்கலை வரலாறு. அப்பதினாறு பக்கங்களிலும் பேசுகின்ற தமிழ் எத்தகையது என்பதை ஆராய்தல் தமிழறிந்தார் கடன். அதனை மேனாட்டார் மீது சுமத்தலாகாது.

அக்கடனை ஓரளவிற்குத் தீர்த்தவர் தூத்துக்குடியிலிருந்து உழைத்த இராசமாணிக்கம் அடிகள். 1963 இல் தம்பிரான் வணக்கத்தையும், 1579 இல் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கத்தையும் அவர் மீள அச்சேற்றினார். 1586 இற்குரிய ‘பிளோஸ் சாங்க்தோரும்’ என்னும் பெருநூலை ‘அடியார் வரலாறு’ என்ற பெயரில் 1967 இல் வெளியிட்டார். இவற்றை இயற்றிய என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் தம் பெயரைத் தமிழில் ‘அண்டிறிக்கி’ எனப் பொறித்தார் என்பதும், முத்துக்குளித்துறைப் பரதவரின் பொருளுதவி அவ்வச்சு முயற்சிக்குக் கிடைத்தது என்பதும் பலரும் அறிந்தவை. ஆனால் அந்நூல்களின் மொழி நம் வகுப்பறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் மன்னார்க் குடாவின் இருகரையிலும் மக்கள் வாயில் வழங்கிய தமிழ் எவ்வாறு இருந்ததென்பதற்கு, இலக்கண நூலார் திருத்தாத சான்று இவைபோல வேறு மிகுதியாக இல்லை. கிறித்தவ வினாவிடை நூலுக்கு இந்துக் கல்லூரி மலரில் என்ன இடம் என ஐயுறுவோர் உளராயின், மொழிவரலாறு சமய வேலிகளை மதிப்பதில்லை என்பதே அவர்க்கு விடை.

இந்நூல்கள் ஏன் அயல்நாட்டில் மட்டும் எஞ்சின? நம் முன்னோரின் அசட்டை காரணம் எனச் சிலர் எளிதிற் கூறிவிடுவர். ஓரளவிற்கு அது மெய். எனினும் வேறொரு காரணமும் உண்டு. கரையோரச் சிற்றூர்களில் இந்நூல்கள் நாடோறும் கையாளப்பட்டன. சிறுவர் மனனஞ் செய்தற்காகப் புரட்டப்பட்டன. உப்புக்காற்றும் செல்லும் எஞ்சியதைத் தின்றன. ஐரோப்பாவுக்குச் சென்ற பிரதிகளோ, விளங்காத எழுத்தில் அமைந்த அதிசயப் பொருள்களாகப் பெட்டிக்குள் வைக்கப்பட்டன. படிக்கத் தெரிந்தோர் கையில் தேய்ந்தழிந்த நூல், படிக்கத் தெரியாதோர் காவலிற் பிழைத்தது. பிளோஸ் சாங்க்தோரும் இன்று வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும் இருத்தற்கு இதுவே பெருங்காரணமாகும்.

இனித் தனிநாயக அடிகளைப் பற்றிக் கூறவேண்டும். அவரைப் புகழ்வோர் தொகை பெரிது. அவர் செய்த வேலையை அளந்து பார்ப்போர் தொகை சிறிது. காரைநகருக்கு அயலே கரம்பனில் 1913 இல் பிறந்து, 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பேராசிரியராகவும் விளங்கியவர் அவர். 1954 ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய நூலகங்களைச் சுற்றிப் பார்த்து, அங்குள்ள தமிழ் அச்சுநூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பற்றித் தாம் ஆசிரியராயிருந்த ‘தமிழ்க் கல்ச்சர்’ சஞ்சிகையில் எழுதினார். அந்தாம் தெ புரொயென்சா என்பார் தொகுத்து, அவர் 1666 இல் இறந்தபின் 1679 இல் அம்பலக்காட்டில் அச்சாகிய தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்துப் பிரதியைக் கொண்டு 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்ததும் அவ்வாண்டிலேயே.

இவ்வகராதியை அடிகள் ‘கண்டுபிடித்தார்’ என்று கூறுதல் அவர் புகழைக் கூட்டுவது போலத் தோன்றிக் குறைப்பதாகும். இப்படியொரு நூல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாவுலீனு என்னும் கார்மேல் சபைத் துறவி எழுதிவைத்துள்ளார். நூலகத்தார்க்கும் தம்மிடம் ஒரு பழைய ‘மலபார்’ அகராதி உண்டென்பது தெரியும். தெரிந்திருந்தும் இரு நூற்றாண்டுகளாக அதனாற் பயன்கொண்ட தமிழறிஞர் எவருமிலர். அடிகள் செய்த அருஞ்செயல், அதனைப் படமெடுத்து, அச்சிட்டு, உரோமாபுரிக்குப் போகவியலாத நூற்றுக்கணக்கானோர் மேசைமீது வைத்தமையே. ஒருவர் மட்டும் பார்த்துத் திரும்புவது யாத்திரை. பலர் சரிபார்க்கக் கூடியதாக அதனைத் திறந்துவைக்கும்போதே அது ஆராய்ச்சியாகிறது.

பதிப்பின் குறையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. மூலத்தை ஒளிப்படமாகவே தருதலில் ஒரு நன்மையும் ஓர் இடரும் உள. பதிப்பாசிரியர் தம் கருத்தைப் புகுத்தி மூலத்தைச் சிதைக்கும் அச்சம் அங்கே இல்லை. ஆனால் 16,000 இற்கு மேற்பட்ட சொற்களுக்கும் விளக்கம் போர்த்துக்கேய மொழியிலிருப்பதால், அம்மொழியறியாத தமிழ் மாணவர்க்கு அது பூட்டிய பெட்டகமே. பதிப்பு வெளிவந்து அறுபது ஆண்டு ஆகின்றது. அவ்வகராதியின் தமிழ்ச் சொற்களையும் அவற்றின் பொருளையும் தமிழில் எடுத்தெழுதி, யாழ்ப்பாணத்தாரும் திருக்கோணமலையாரும் இன்றும் வழங்குஞ் சொற்களோடு ஒப்பிடும் ஒரு நூல் எத்துணைப் பயனுடையதாகும்! அகரவரிசையில் தமிழ்ச் சொற்களை அமைத்த முதல் நூல் இதுவே எனச் சிலர் எழுதுவதும் இவ்வொப்பீடு இன்மையாலேயே. 1594 இற்குரிய சிதம்பர இரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையை முன்னரே மேற்கொண்டுள்ளது. புரொயென்சாவின் தனிச்சிறப்பு வரிசைமுறையில் இல்லை. செய்யுட் சொல்லோடு நில்லாது பேச்சுவழக்குச் சொல்லையும் ஏற்றுக்கொண்டதில் உள்ளது.

வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெறுவோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். பகலிற் பள்ளிக்கூடம், இரவிற் படிப்பு என்றிருப்போர் மூல நூல்களைப் பெரும்பாலும் பிறர் எழுதிய கைந்நூல்களின் அடிக்குறிப்பிலேயே சந்திக்கின்றனர். பல்கலைக்கழக நூலகத்தின் உள்ளறை அவர்க்குத் தொலைவு. அவ்வறையிலுள்ளது அச்சாகிவந்தாலன்றி அவர்க்கு அது இல்லாததோடொக்கும். கண்டுபிடிப்பை ஒருவரது பெருமையாக எண்ணாது பலரது வாசிப்புக்குரிய பொருளாக எண்ணவேண்டும் என்று யான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழுமையடைந்த ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டு வேண்டின் அதே அண்டிறிக்கியின் தமிழிலக்கணத்தைச் சுட்டலாம். லிஸ்பன் நூலகத்திற் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த அதனை வெர்மீர் என்பவர் 1982 இல் மூலமாகப் பதிப்பித்தார். ஜீன் ஹைன் என்னும் அம்மையாரும் வி. எஸ். இராஜம் அவர்களும் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து, விளக்கமெழுதி, 2013 இல் ஹார்வர்ட் கீழைத்தேய நூல்வரிசையில் வெளியிட்டனர். போர்த்துக்கேயம் அறிந்தவரும் தமிழிலக்கணம் அறிந்தவரும் ஒருங்கிருந்து உழைத்தமையால் விளைந்த பயன் அது.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என வாசகர் கருதலாம். நம் துறைமுகத்தின் கதையும் இவற்றோடு பின்னிக் கிடக்கின்றது. 1950 இல் கோட்டைக்கு அண்மையிற் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட கோணேசர் ஆலயத் திருமேனிகளைப் பற்றி வ. பாலேந்திரா எழுதிய கட்டுரை 1953 இல் தனிநாயக அடிகளின் தமிழ்க் கல்ச்சரிலேயே வெளிவந்தது. மண்ணுக்குள்ளிருந்த செம்பு மீண்டும் ஆலயத்தை அடைந்தது. 1963 இற் குடமுழுக்கும் நிகழ்ந்தது. ஆலயத்தைப் பற்றிய எழுத்துச் சான்றுகளோ உலகெங்கும் சிதறின. 1620 களிற் போர்த்துக்கேயர் இடித்த அக்கோயிலைப் பற்றி விரிவாக எழுதிய பெர்னாவ் தெ குவேறோசு பாதிரியாரின் பெருவரலாறு ரியோ டி ஜனைரோவிற் கையெழுத்துப் பிரதியாக இருந்தது. அதன் போர்த்துக்கேய மூலம் 1916 இற் கொழும்பிலும், எஸ். ஜி. பெரேரா அடிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930 இலும் அச்சாகின. நம் கோயிலின் கதையைப் பிரேசில் தேசத்திலிருந்து பெற்றோம் என்பது வியப்பே. ஆயின் வியப்போடு நிற்றல் போதாது. குவேறோசு இலங்கையில் வாழ்ந்தறியாதவர். கோவாவிலிருந்து பிறர் எழுதியவற்றையும் சொன்னவற்றையுங் கொண்டு எழுதியவர். கோயில் இடிந்து ஏறத்தாழ அறுபதாண்டின் பின் எழுதியவர். அவர் கூற்றைக் கண்கண்டார் வாக்குமூலம்போல எடுத்தாளுதல் ஏற்புடைத்தன்று.

இதே கண்டிப்பை நம்முடைய நூல்களிடத்தும் காட்டல் வேண்டும். கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு, பெயராற் கல்வெட்டேயாயினும், கல்லிற் பொறித்ததன்று. பாட்டும் உரைநடையும் கலந்து ஏட்டில் வழிவழி எழுதப்பட்டு வந்தது. குளக்கோட்டன் செய்த திருப்பணி, கோயிலிற் தானத்தார், வரிப்பத்தார் முதலியோர் செய்யவேண்டிய தொழும்பு, அவர்க்குரிய மானியம் என்பனவற்றை அது கூறுகின்றது. படியெடுப்பவர் ஒருவர் ஒரு வரியை விட்டாலும் சேர்த்தாலும் ஒரு குடியினரின் உரிமை மாறிவிடும் இயல்புடைய நூல் இது. ஆதலின் இதன் ஏடுகளை ஒப்புநோக்குதல் புலவர் பொழுதுபோக்கன்று. பேராசிரியர் சி. பத்மநாதன் போன்றோர் இந்நூலை வரலாற்றுச் சான்றாக எடுத்து ஆராய்ந்துள்ளமை நமக்கு நற்பேறு. உண்மையான கல்வெட்டொன்றோடு இதனை உரைத்துப் பார்க்கவும் வழியுண்டு. நிலாவெளியிற் கிடைத்த கல்வெட்டு கோணபர்வதத்து மற்சகேசுவரமுடையார்க்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைக் கூறுகின்றது. கல் அளவையும் எல்லையையும் சொல்லி நிற்க, ஏடு கதையையும் குடிவழக்கையும் சொல்கின்றது. ஒன்றின் வேலையை மற்றதனிடம் எதிர்பார்ப்போர் இரண்டையும் இழப்பர்.

இப்பகுதியின் ஏடுகள் எங்கே போயின என்பதற்கு ஒரு விடை ஹியூ நெவில். மட்டக்களப்பிலும் திருக்கோணமலையிலும் அரசாங்க உத்தியோகம் பார்த்து, 1885 முதல் ‘தப்ரோபேனியன்’ என்னும் சஞ்சிகையை நடத்திய அவர், தாம் சேகரித்த ஏடுகளோடு இலங்கையை விட்டகன்று 1897 இல் மறைந்தார். ஈராயிரத்துக்கு மேற்பட்ட அச்சுவடிகளைப் பிரித்தானிய நூதனசாலை 1904 இல் வாங்கிற்று. அவற்றுட் பாளி, சிங்களச் சுவடிகளுக்குச் சோமதாச அவர்கள் ஏழு தொகுதிகளாக விவரணப் பட்டியல் ஆக்கினார். 1987 இல் தொடங்கி 1995 இல் முடிந்த பணி அது. ஒவ்வோர் ஏட்டையும் எடுத்து, அளந்து, தொடக்கமும் முடிவும் எழுதி, பொருளைச் சுருக்கித் தந்துள்ளார். நெவில் சேகரித்த தமிழ் ஏடுகளும் அத்தகைய கை படத் தக்கனவே. நெவிலைக் குறைகூறுவோர் அவர் கொண்டுபோனதைச் சொல்வர். அவர் விட்டுச்சென்றவை யாவும் இங்கே பத்திரமாக உள்ளனவா என்பதையும் சேர்த்தே நோக்குதல் நீதி.

நம்மூர்க்கும் சுவடிநிலையத்துக்கும் உள்ள உறவில் வெளியார் மட்டுமே பங்குகொண்டனர் என எண்ணற்க. ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவலை 1895 இல் எழுதிய த. சரவணமுத்துப்பிள்ளை திருக்கோணமலையிற் பிறந்து, சென்னை இராசதானிக் கல்லூரியைச் சார்ந்த கீழைத்தேயச் சுவடிநிலையத்திற் பணிபுரிந்தவர். நாயக்கர் காலத்துக் கதையொன்றை அவர் தேர்ந்தமைக்கு அச்சூழல் துணைசெய்திருத்தல் கூடும். அவர் தமையனார் கனகசுந்தரம்பிள்ளை 1921 இல் தமிழ் நாவலர் சரிதையைப் பதிப்பித்தார். மோகனாங்கியை நம்மிற் பலர் அறிவர். அதனினும் கடினமான பணி பதிப்புப் பணியேயாதலின், தமையனாரை மறந்தமை நம் இலக்கிய வரலாற்றின் குறைகளுள் ஒன்று என்பது என் துணிபு.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அச்சுநூல்களோடு ஏடுகளும் கரியாயின. மறுபிரதியில்லாத ஏட்டின் அழிவு மனிதன் இறத்தல் போன்றது. அதை விலைகொடுத்து மீட்டல் இயலாது. 2005 முதல் நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் பாதுகாத்து எவரும் படிக்குமாறு வைத்துவருகின்றது. வெளிவாரி மாணவர்க்கு இன்று அதுவே உள்ளறை. ஆனால் படமெடுத்த ஏட்டையும் படிக்கத் தெரிதல் வேண்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். ‘கொணெசர’ என்றிருப்பதைக் கோணேசர் என்று படிப்பவர் பழக்கத்தாற் படிக்கிறார். ‘தமபிரான வணககம’ என 1578 இல் அச்சானதும் அவ்வாறே. கொல்லத்து அச்சர் ஏட்டெழுத்தின் வழக்கத்தையே ஈயத்தில் வார்த்தனர். ஆகவே ஹார்வர்ட் நூலைப் படிக்கக் கற்ற மாணவன் தம்பலகாமத்திலோ மூதூரிலோ ஒரு வீட்டுப் பரணிலுள்ள ஏட்டையும் படிக்க வல்லனாவான்.

நம் மாவட்டத்துக் கோயில்களிலும் வீடுகளிலும் எஞ்சியுள்ள ஏடுகளுக்கு ஒரு பட்டியல் ஆக்கப்படல் வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஏடு உடையாரிடமிருந்து ஏட்டை வாங்கிவருதலும் ஆகாது; அச்சத்தால் மறைத்துவிடுவர். அவர்கள் முன்னிலையிலேயே நூற்பெயர், ஏட்டின் தொகை, நீள அகலம், முதல் வரி, இறுதி வரி, எழுதினோன் பெயர், எழுதி முடித்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பக்கங்களைப் படமெடுத்து மீளக் கொடுத்துவிடலாம். நாளைக் குறிப்பதில் மட்டும் அவதானம் வேண்டும். ஏடெழுதியோர் பெரும்பாலும் பிரபவ முதலிய அறுபதாண்டு வட்டத்தின் பெயரையே இடுவர்; விபவ என்றால் எந்த விபவ என்பது தெரியாது. மாதம், கிழமை, நட்சத்திரம், திதி என்பனவும் உடனிருந்தால் அவை ஒருங்கே பொருந்தும் ஆண்டைக் கணித்தறியலாம். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு தவணை விடுமுறையில் இருபது ஏடுகளின் முதல் வரியும் இறுதி வரியும் எழுதிவந்தால், ஆண்டைக் கணித்துத் தரவல்ல பஞ்சாங்கப் பயிற்சியுடையோர் நம் கோயிற் குருமாருள்ளேயே இருக்கின்றனர்.